பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தைத் தூக்கிவிட்டார்கள். பழவேற்காட்டுக்கு அதில் என்ன நஷ்டம்?

தோழர்களே, பழவேற்காடு ஏரியைச் சுற்றி வாழும் மீனவ சொந்தங்களே!

இன்றைக்கு ஒரு பாடப்புத்தகத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "முகத்துவாரம் மண்ணு மூடிக் கிடக்குது, துறைமுகம் பெருசாகப் போகுதுன்றாங்க, பாடு குறையுது, இதுல பாடப்புத்தகம் ஒரு கேடா?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கொஞ்சம் பொறுமையாகக் கடைசி வரைக்கும் படியுங்கள். முகத்துவாரத்தில்தான் போய் முடியும் இந்தப் பேச்சு.

நடந்தது இதுதான். கொரோனா காலத்தில் பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறோம் என்று சொல்லி, ஒன்றிய அரசின் என்சிஇஆர்டி 2022இல் பாடங்களை வெட்டியது. பத்தாம் வகுப்பு அறிவியலில் "மரபும் பரிணாமமும்" என்று ஒரு பாடம் இருந்தது. அதில் பாதியை அறுத்து "மரபு" என்று மட்டும் வைத்தார்கள். உயிர்கள் எப்படித் தோன்றின, ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படிக் கிளைத்தது, புதைபடிவம் என்றால் என்ன, மனிதன் எப்படி வந்தான், எல்லாம் போச்சு. கொரோனா முடிந்தது. 2023இல் புதுப் புத்தகம் அச்சாகி வந்தது. வெட்டிய பகுதி திரும்பி வரவில்லை. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் அறிவியல் ஆர்வலர்களும் கையெழுத்துப் போட்டுக் கடிதம் எழுதினார்கள். வந்த பதில் என்ன தெரியுமா? "பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறதே!"

இருக்கிறது, மறுக்கவில்லை. யாருக்கு இருக்கிறது? பதினொன்றில் உயிரியல் எடுத்த பிள்ளைக்கு. காமர்ஸ் எடுத்தவனுக்கு இல்லை, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவளுக்கு இல்லை, ஐடிஐ போனவனுக்கு இல்லை. பத்தோடு படிப்பை நிறுத்திவிட்டு அப்பாவோடு வலைக்குப் போகும் பையனுக்குச் சுத்தமாக இல்லை. பத்தாம் வகுப்பு என்பது இந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே அறிவியலைப் படிக்கும் கடைசி இடம். கத்தி வைத்தது அங்கேதான். அதே வெட்டில் பத்தாம் வகுப்பு அரசியல் பாடத்திலிருந்து "மக்கள் போராட்டங்களும் இயக்கங்களும்" என்ற பாடமும் போனது என்பதைச் சும்மா ஞாபகப்படுத்தி வைக்கிறோம்.

இது சுமை குறைக்கும் சமாச்சாரம் என்று நம்ப முடியாததற்குக் காரணம் இருக்கிறது. 2018 ஜனவரியில், அன்றைய ஒன்றியக் கல்வித்துறை இணை அமைச்சர் சத்யபால் சிங், டார்வின் சொன்னது அறிவியல்ரீதியாகத் தவறு, பாடத்திட்டத்தை மாற்ற வேண்டும் என்று மேடையில் பேசினார். குரங்கு மனிதனாக மாறியதைப் பார்த்ததாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லையாம். நாட்டின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு அறிக்கை விட்டன. அடுத்த வருஷம் இந்திய அறிவியல் மாநாட்டிலேயே ஒரு பல்கலைக்கழகத் துணைவேந்தர் எழுந்து, டார்வினைவிட தசாவதாரமே மேல் என்றார். அமைச்சர் பேசியது 2018. பாடம் போனது 2022. நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

சரி, அமைச்சர் கேட்டாரே, யார் பார்த்தது என்று. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே போவோம்.

முதல் விஷயம், குரங்கு மனிதனாக மாறியது என்று டார்வின் சொல்லவே இல்லை. குரங்கு நமக்குத் தாத்தா இல்லை, பங்காளி. உங்களுக்கும் உங்கள் பெரியப்பா மகனுக்கும் தாத்தா ஒருவர்தான். அதற்காக நீங்கள் பெரியப்பா மகனுக்குப் பிறந்தவர் ஆகிவிடுவீர்களா? சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் இருந்தது. அங்கிருந்து இரண்டு கிளை பிரிந்தது. ஒரு கிளையில் அவர்கள், ஒரு கிளையில் நாம். சொத்துப் பிரிந்து வெகுகாலம் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

இரண்டாவது, சாட்சி. சாட்சி தேட லண்டன் போக வேண்டாம். நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அத்திரம்பாக்கம் என்று ஒரு ஊர் இருக்கிறது. எண்ணூர்க் கழிமுகத்தில் வந்து கடலைத் தொடுகிறதே, அதே கொசஸ்தலை. டார்வினின் புத்தகம் வெளிவந்தது 1859இல். நான்கே வருஷம் கழித்து, 1863இல், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளர் பல்லாவரத்திலும் பிறகு அத்திரம்பாக்கத்திலும் மனிதக் கையால் செதுக்கிய கற்கோடரிகளைக் கண்டெடுத்தார். அந்த இடத்தைப் பின்னாளில் சாந்தி பப்புவின் குழு வருஷக்கணக்கில் தோண்டி ஆராய்ந்தது. மண்ணுக்குள் புதைந்த கல்லில் விண்ணிலிருந்து வரும் கதிர்கள் விட்டுப்போன தடயத்தை அளந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 15 லட்சம் ஆண்டு!

கீழடிக்கு 2,600 ஆண்டு என்றதும் நெஞ்சை நிமிர்த்தினோம், சரிதான். ஆனால் இந்த 15 லட்சத்தில் இருக்கும் செய்தி வேறு. நம்மைப் போன்ற மனித இனம், ஹோமோ சேப்பியன்ஸ், உருவாகியே சுமார் 3 லட்சம் ஆண்டுகள்தான் ஆகின்றன. அப்படியானால் அத்திரம்பாக்கத்தில் உட்கார்ந்து கல்லைச் செதுக்கியது யார்? நாம் இல்லை. நமக்கு முந்தைய வேறொரு மனித இனம். பொன்னேரியிலிருந்து பஸ் பிடித்துப் போகும் தூரத்தில் இது கிடக்கிறது. "யாரும் பார்க்கவில்லை" என்று சொன்ன அமைச்சருக்கு அந்தக் கல்லில் ஒன்றைப் பார்சல் அனுப்பியிருக்கலாம். (தொல்லியல் சட்டம் விடாது, தோழர்களே, யாரும் எடுத்துவிடாதீர்கள்!)

இப்போது ஏரிக்கு வருவோம்.

மழைக்காலத்தில் பூநாரை வருகிறது. சென்னையிலிருந்து கார் போட்டு வந்து போட்டோ எடுத்துப் போகிறார்கள். அந்தப் பறவையின் இளஞ்சிவப்பு நிறம் பிறவியிலேயே வந்ததா? இல்லை. குஞ்சு சாம்பல் நிறத்தில்தான் இருக்கும். தின்கிற பாசியிலும் சின்னச் சின்ன இறாலிலும் இருக்கும் நிறமிதான் இறகில் ஏறுகிறது. அந்தத் தீனி கிடைக்காத இடத்தில் வளர்த்தால் வெளிறிப் போகும். ஆனால் வளைந்த அலகு? தலைகீழாக நீரில் விட்டுச் சேற்றை வடிகட்டும் அந்த அமைப்பு? அது பிறவிச் சொத்து, தாய் தகப்பனிடமிருந்து வருவது. ஒன்று வாழும்போது சேர்த்துக்கொண்டது, இன்னொன்று பரம்பரையாக இறங்கியது. இந்த வித்தியாசத்தைச் சொல்லும் பகுதியும் என்சிஇஆர்டி வெட்டியதில் இருக்கிறது. நம் ஏரியில் ஒற்றைக்காலில் நிற்கிற பாடத்தை டெல்லியில் உட்கார்ந்து அழித்திருக்கிறார்கள்.

இன்னொரு கூத்து. பூநாரைக்கு நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? நாரையோ கொக்கோ இல்லை. குளத்தில் பொசுக்கென்று முங்கி வேறு பக்கம் எழும் குட்டிப் பறவை இருக்கிறதே, முக்குளிப்பான், அதுதான். மரபணுவைப் பார்த்துக் கண்டுபிடித்தது. உருவத்தைப் பார்த்து யார் யாருக்குச் சொந்தம் என்று முடிவுகட்டுபவர்கள், பிறப்பை வைத்து மனிதனை உயர்ந்தவன் தாழ்ந்தவன் என்று அடுக்குபவர்கள், எல்லோருக்கும் இந்த அறிவியல் கசக்கத்தான் செய்யும். பூமியில் இருக்கும் மனிதர் அத்தனை பேரும் ஒரே இனம், ஆப்பிரிக்காவில் கிளைத்த ஒரே குடும்பம் என்று அது சொல்கிறது. யாரும் தலையிலிருந்தும் பிறக்கவில்லை, காலிலிருந்தும் பிறக்கவில்லை.

இறாலுக்கு வருவோம். இதுதான் முக்கியம்.

இறால் முட்டை போடுவது ஏரியில் இல்லை, கடலில். ஒரு தாய் இறால் லட்சக்கணக்கில் போடும். உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. பொரித்த குஞ்சு சில வாரம் கடலில் மிதந்து, உருமாறி, ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகிறது. உப்பும் நல்ல தண்ணீரும் கலந்த இடத்தில், சேற்றிலும் புல்லிலும் ஒளிந்து, சில மாதம் தின்று வளர்கிறது. பிறகு திரும்பக் கடலுக்குப் போய் முட்டை போடுகிறது. மடவையும் கடலுக்குப் போய்த்தான் முட்டையிடுகிறது. அதன் குஞ்சும் இதே வாசல் வழியாகத்தான் உள்ளே வருகிறது.

யார் இறாலுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. லட்சம் குஞ்சில் ஒன்று போல இன்னொன்று இருக்காது. ஒன்று உப்பைக் கொஞ்சம் அதிகம் தாங்கும், ஒன்று கொஞ்சம் குறைவாக. ஒன்று ஓதத்தில் மேலெழும்பும், ஒன்று அடியிலேயே கிடக்கும். கழிக்குள் வந்து சேர்ந்தவற்றுக்குத் தீனியும் மறைவும் கிடைத்தது, பிழைத்தது, முட்டை போட்டது. வராதவற்றில் பெரும்பாலானவை மீனுக்கு இரை. பிழைத்ததன் குணம் பிள்ளைகளுக்கு இறங்கியது. லட்சக்கணக்கான தலைமுறை இப்படியே கழிந்தால் "கழிக்குள் போ" என்பது உடம்பிலேயே எழுதப்பட்டுவிடும். இதற்குப் பெயர்தான் இயற்கைத் தேர்வு. டார்வின் சொன்னது சாரத்தில் இவ்வளவுதான். வேறுபாடு இருக்கும், அது பிள்ளைக்கு இறங்கும், பிழைத்தது பெருகும். பறி கட்டி இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவும் இருளர் பெண்ணுக்கு இது ஐந்து நிமிஷத்தில் புரியும். அமைச்சராக இருந்தவருக்குப் புரியவில்லை என்றால் அது டார்வின் குற்றமா?

இப்போது கேளுங்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்க அதானி நிறுவனம் போட்ட திட்டம் நமக்குத் தெரியும். கடலையே தூர்த்து நிலமாக்குவதும் அதில் சேர்த்தி. இதை எதிர்த்துப் பேசினால் டீக்கடை முதல் டிவி விவாதம் வரை ஒரு பதில் ரெடியாக வரும். "இயற்கை தன்னைத்தானே சரி பண்ணிக்கும் சார். மீன் வேற இடத்துக்குப் போய்ப் பழகிக்கும். எல்லா உயிரும் மாறிக்கிட்டேதானே இருக்கு?"

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள்! பரிணாமம் பொய் என்று ஒரு மேடையில் சொல்வார்கள். இன்னொரு மேடையில், பரிணாமம் இருக்கிறது, அதனால் கடலைத் தூர்க்கலாம் என்பார்கள். இந்த இரண்டாவது புரட்டை உடைக்கத்தான் நம் பிள்ளைக்கு அந்தப் பாடம் வேண்டும்.

ஏனென்றால் அந்தப் பாடத்தைப் படித்த பத்தாம் வகுப்புப் பிள்ளை எழுந்து கேட்கும்: "எத்தனை தலைமுறையில சார் பழகும்?" ஒரு உயிர் தன் வாழ்நாளில் கொஞ்சம் சமாளித்துக்கொள்வது வேறு, ஓர் இனமே மாறுவது வேறு. பின்னது தலைமுறை தலைமுறையாக நடப்பது. அதற்கு முதலில் ஒரு கூட்டம் உயிரோடு மிஞ்ச வேண்டும். முகத்துவாரம் அடைந்துவிட்டால் அந்த வருஷக் குஞ்சு உள்ளே வராது. வராத குஞ்சில் எதைத் தேர்ந்தெடுக்கும் இயற்கை? கோடை வெயிலில் தண்ணீர் வற்றி உப்பு ஏறும், மழையில் மொத்தமும் நல்ல தண்ணீராகும், கடல் வந்து சமன் செய்யாது. பல லட்சம் ஆண்டு ஒரு வாசலை நம்பி உருவான உடம்பு அது. வாசலைச் சாத்திவிட்டு "ஜன்னல் வழியா ஏறி வா" என்றால் வருமா?

பரிணாமம் யாருக்கும் பிழைத்துப்போவாய் என்று உத்தரவாதம் கொடுத்ததே இல்லை. இதுவரை பூமியில் தோன்றிய உயிரினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்துவிட்டன. நம் ஊரிலேயே இதற்கு ஒரு தொடர்பு இருக்கிறது. பழவேற்காட்டில் 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டினார்களே டச்சுக்காரர்கள், அவர்களின் கப்பல்கள் 1598இலேயே மொரிஷியஸ் தீவில் இறங்கியிருந்தன. அங்கே டோடோ என்று பறக்காத ஒரு பெரிய பறவை. வேட்டையாட ஆளே இல்லாத தீவில் பல லட்சம் ஆண்டு வாழ்ந்து, பறப்பதையே விட்டுவிட்ட பறவை. மனிதன் வந்தான், கூடவே எலியும் பன்றியும் வந்தன. நூறு வருஷத்துக்குள் ஒன்றுகூட மிச்சமில்லை. "பழகிக்கும்" என்று அன்றைக்கும் எவனாவது சொல்லியிருப்பான்.

மீன்பிடியிலும் பாடம் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீனை ராட்சதக் கப்பல்கள் அள்ளின. பெரிய மீனாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? சீக்கிரமே, சின்ன உடம்பிலேயே முட்டை போடும் மீன்தான் மிஞ்சும், அதன் பிள்ளைகள்தான் பெருகும். அதுதான் ஆனது. ஆராய்ச்சியாளர்கள் பழைய பதிவுகளைப் புரட்டியபோது, மொத்த மீனும் சரிவதற்கு முன்னாலேயே அந்த மாற்றம் தெரிந்தது. வலைக்கு ஏற்ப மீனே மாறிவிட்டது! 1992இல் அரசு அந்த மீன்பிடியையே மூடியது. பல பத்தாயிரம் பேர் வேலை இழந்தார்கள். மாறிய மீன் யாரையும் காப்பாற்றவில்லை.

பழவேற்காட்டின் பாடு முறையை இந்தக் கண்ணால் பாருங்கள். யார் எந்த இடத்தில் எந்த நாளில் வலை போடலாம் என்று முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு. அதில் குறைகள் உண்டு, எல்லாச் சமூகத்துக்கும் அதில் இடம் கிடைத்ததில்லை என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனாலும் "அள்ளு, இருக்கிற வரைக்கும் அள்ளு" என்று சொல்லாத ஏற்பாடு அது. ஏரிக்கும் மூச்சு விட நேரம் வேண்டும் என்பதை மீனவன் பட்டு அறிந்தான். பாடப்புத்தகம் அதற்கு ஏன் என்று காரணம் சொல்கிறது. இரண்டும் ஒரு பிள்ளையின் தலையில் சேர்ந்தால், பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் ஆங்கில அறிக்கையைக் காட்டி அவனை யாரும் மிரட்ட முடியாது.

பாடத்தை வெட்டியதும் துறைமுகத்தை விரிப்பதும் ஒரே மேஜையில் முடிவானவை என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சதிக்கதை கட்டத் தேவையும் இல்லை. கேள்வி கேட்கத் தெரியாத பிள்ளைகள் யாருக்கு வசதி என்பதுதான் கேள்வி.

இன்னொன்றையும் பேசிவிடுவோம், ஏனென்றால் கமெண்டில் வந்து கத்துவார்கள். இது உங்கள் சாமிக்கு எதிரான பாடமா? எல்லையம்மனுக்குக் கூழ் ஊற்றுங்கள், மாதா தேரை இழுங்கள், பள்ளிவாசலில் தொழுங்கள். யாரும் குறுக்கே வரவில்லை. 1996இல் போப் இரண்டாம் ஜான் பால் அவர்களே பரிணாமம் வெறும் ஊகத்துக்கும் மேற்பட்டது என்று ஒப்புக்கொண்டார். கோயிலில் கேட்பதைக் கோயிலில் கேட்போம். அறிவியல் வகுப்பில் அறிவியல் நடக்கட்டும். அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு, அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்கிறது. குடிமகனுக்குக் கடமை, அரசுக்கு மட்டும் விலக்கா?

"அதெல்லாம் சிபிஎஸ்இ பள்ளிக்குத்தானே? நம்ம ஊரு அரசுப் பள்ளிக்கு என்ன?" என்று கேட்பீர்கள். உண்மைதான். நம் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் "மரபியல்" பாடத்துக்கு அடுத்து "உயிரின் தோற்றமும் பரிணாமமும்" என்று தனிப் பாடமே வைத்திருக்கிறோம். அதனால்தான் கவலை! 1976இல் 42ஆவது திருத்தம் மூலம் கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு இழுத்தார்கள். அன்றிலிருந்து கயிறு டெல்லி கையில். பிஎம் ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25ஆம் ஆண்டுக்கு நம் பள்ளிகளுக்கு வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தார்கள். இன்றைக்குப் பணத்தைப் பிடிப்பவன் நாளைக்குப் புத்தகத்தைப் பிடிக்க மாட்டான் என்று என்ன நிச்சயம்?

வேடிக்கை என்னவென்றால், நீட் பாடத்திட்டத்தில் பரிணாமம் இருக்கிறது. டாக்டராகப் போகிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும், ஏனென்றால் காசநோய்க் கிருமி மருந்துக்கு மசியாமல் மாறுவதே பரிணாமத்தால்தான். மாத்திரையைப் பாதியில் நிறுத்தும் நோயாளிக்கு மட்டும் தெரிய வேண்டாமாம்!

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பில் பரிணாமப் பாடத்தைத் திரும்ப வைக்க வேண்டும். கல்வி மாநிலப் பட்டியலுக்கு வர வேண்டும். நம் மாநிலப் புத்தகத்தில் இருக்கும் பாடத்தை இரண்டு மார்க் கேள்விக்கு மனப்பாடம் செய்யவைத்து ஓட்டிவிடாமல், ஏரிக்கரைப் பள்ளிகளிலாவது ஏரிக்கே கூட்டிப்போய் நடத்த வேண்டும். அத்திரம்பாக்கத்துக்கு மாவட்டத்தின் ஒவ்வொரு அரசுப் பள்ளிப் பிள்ளையையும் ஒருமுறை பஸ் வைத்து அழைத்துப் போக வேண்டும். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தைக் கைவிட வேண்டும், முகத்துவாரம் வருஷம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும்.

தோழர்களே, உங்களால் இன்றே முடிகிற வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அந்தப் பாடத்தை எடுத்து வாசிக்கச் சொல்லி நீங்களும் கேளுங்கள். புரியாத இடத்தில் நிறுத்தி, இறாலை வைத்து நீங்கள் விளக்குங்கள். டீச்சரை விட உங்களுக்கு நன்றாக வரும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். தீர்மானத்தை வாங்க மறுத்தாலோ பதிவேட்டில் ஏற்ற மறுத்தாலோ, ஊர் பெயரையும் தேதியையும் போட்டு இந்தப் பக்கத்துக்கு இன்பாக்ஸ் பண்ணுங்கள். நம் ஒன்றியத் தோழர்கள் உங்கள் ஊருக்கு வருவார்கள்.

#பரிணாமப்_பாடத்தைத்_திருப்பிக்_கொடு
#பழவேற்காட்டைக்_காப்போம்